அத்தை சொன்னதும் நான் சொன்னதும்

அக்காவைப் பெண் பார்க்கச் சாத்தான்குளத்திலிருந்து ஆட்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை, முத்தையாபுரம் வீட்டில் யாருக்கும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் கிளப்பிய புழுதியை அம்மா மூன்றாம் தடவையாக நாற்காலிகளிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். அப்பாவின் தங்கையான அத்தை மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டவள். இந்த மாதிரி நாட்களில் யாரும் சொல்லாமலே ஒதுங்கிக்கொள்வாள்.

எனக்குப் பத்து வயது. என் கவலையெல்லாம் தட்டிலிருந்த மக்ரூன் மீதுதான். வந்தவர்கள் தீர்த்துவிட்டால் எனக்கு மிஞ்சாது. மாப்பிள்ளையின் கையையே பார்த்தபடி கதவோரம் நெளிந்துகொண்டிருந்தேன்.

அவர்கள் போனதும் வீடே பேசியது. பையன் அடக்கமானவன் என்றார் அப்பா. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, நல்ல வளர்ப்பு என்றாள் அம்மா. அக்கா முந்தானையைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். அடுப்படி வாசலில் நின்று அத்தை மெதுவாகச் சொன்னாள்:

"அவன் வாயே தொறக்கலியே அண்ணே. கேட்டதுக்கெல்லாம் அவன் அம்மைதான பதில் சொல்லுதா."

"ஒனக்கு எந்த மாப்பிள்ளையப் பாத்தாலும் கொறதான்," என்றார் அப்பா. அத்தை உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா விளையாட்டாக என் பக்கம் திரும்பி, மாப்பிள்ளை எப்படி என்று கேட்டார்.

"அவரு அவங்க அம்மையக் கண்டு பயப்படுதாருப்பா. ரெண்டாவது மக்ரூன எடுத்தாரு. அவங்க ஒரு பார்வ பாத்தாங்க. திருப்பி வச்சிட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பின் அக்கா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைக்கு என்ன சூது தெரியும், கண்டதைச் சொல்கிறாள் என்று அம்மா முணுமுணுத்தாள். மறுநாள் காலையில் அப்பா தரகருக்கு போன் செய்து, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அக்கா என்னை இறுகக் கட்டிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க, வந்தவர் போனவரிடமெல்லாம் அப்பா என் சாமர்த்தியத்தைச் சொன்னார். அத்தையும் மெச்சுவாள் என்று அவள் பின்னாலேயே சுற்றினேன்.

"நீ சொன்னா கேக்காங்க," என்றாள். என் தலையைத் தடவிவிட்டு, கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.

அவளுக்கு என்மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.