வாய்க்கால் மேட்டு எலும்பு

என் தொழிலை ஊரில் யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. இந்துமாக்கடலில் ஒரு தீவு. அதன் குகைகளில் மண்ணைச் சலித்து, எப்போதோ அழிந்துபோன விலங்குகளின் எலும்பைப் பொறுக்குவேன். அவை நம் தேவாங்குக்குத் தூரத்துச் சொந்தம். பிற்பாடு வேறு தேசங்களில் உயிருள்ள குரங்குகளின் பின்னால் காடு காடாக அலைந்தேன். குரங்கு பார்க்கவா அவ்வளவு தூரம் போனாய் என்று கீழ்வேளூர் பஸ்ஸில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆனால் இத்தனை வருஷத்தில் என்னை அதிகம் குழப்பிய எலும்பு தீவில் கிடைத்ததல்ல. எங்கள் ஊர் வாய்க்கால் மேட்டில் கிடைத்தது.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவன். முதல் தீவுப் பயணம் முடிந்து ஊருக்கு வந்திருந்தேன். ஆட்சி மாறியும் கூலிச் சண்டை ஓயாத காலம். அப்பா பண்ணையாள், விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தவர். எங்கள் குடிசை நின்ற இடம் மிராசுதாருடையது. சங்கத்தில் சேர்ந்தவனெல்லாம் அறுப்புக்குள் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். வாய்க்கால் ஓரத்துப் புறம்போக்கு மேட்டில் மனைப்பட்டா கொடுக்கத் தாசில்தார் இசைந்திருந்தார். அது கிடைக்காவிட்டால் அப்பா அம்மாவுக்குப் போக்கிடம் இல்லை.

மிராசுதாரின் காரியஸ்தர் குறுக்கே விழுந்தார். அந்த மேட்டில் முன்பு ஒரு குரங்கை அடக்கம் செய்திருக்கிறார்களாம். அது ஆஞ்சநேயர் இடம், கோயில்தான் கட்டலாம் என்றார். எங்கள் பக்கத்தில் குரங்கு செத்தால் பாடை கட்டி, மாலை போட்டு, பால் தெளித்துப் புதைப்பது உண்டு. எங்கள் தெருவில், பிறந்த சில நாளில் செத்த குழந்தைகளுக்குத்தான் அதெல்லாம் கிடையாது. பழந்துணியில் சுற்றி ஏதாவது ஒரு மேட்டில் புதைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வெட்டிப் பார்த்துவிடலாம் என்றார் தாசில்தார். நாலு மண்வெட்டி போட்டதும் விரல் நீளத்துக்கு ஓர் எலும்பு வந்தது. அப்பா பெருமையாக என்னை முன்னால் தள்ளினார்.

“எம் மவன் எலும்பு படிச்சவனுங்க. அவனையே கேளுங்க.”

கையில் வாங்கினேன். இரண்டு முனையும் உதிர்ந்துபோயிருந்தது. முனை இருந்தால் ஏதாவது சொல்லலாம். கடல் தாண்டி, செத்தொழிந்த விலங்கையெல்லாம் அடையாளம் சொல்லக் கற்றவனுக்கு, சொந்த ஊர்க் குரங்கின் எலும்பைத் தொட்டுப் பழக்கமில்லை. குட்டிக் குரங்காக இருக்கலாம். மனிதக் குழந்தையாகவும் இருக்கலாம். குரங்கு என்றால் கோயில். குழந்தை என்றால் இடுகாடு; இடுகாட்டிலும் பட்டா கிடையாது. இரண்டுக்கும் நடுவில் நின்று விழித்தேன்.

உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு எலும்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். ஆராய்ச்சிக்கூடத்தில் அது நல்ல பதில். தாசில்தார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காரியஸ்தர் சிரித்தார். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. படித்த படிப்பின் மேல் எனக்கே எரிச்சலாக வந்தது.

நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து நின்றிருந்த அம்மா கையை நீட்டினாள். கொடுத்தேன். ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

“ஆட்டெலும்புங்க. எந்த நாய் கொண்டாந்து போட்டுச்சோ.”

தாசில்தாருக்கு அந்த ஒரு சொல் போதும். ஆடு என்றே எழுதிக்கொண்டார். எழுதியதும் எல்லோரும் அவர் பின்னால் ஜீப்புக்கு நடந்தார்கள். அம்மா மட்டும் எலும்பை முந்தானையில் முடிந்துகொண்டு எதிர்ப்பக்கம் போனாள்.

எனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் செத்துப்போனது என்று எனக்குத் தெரியும். எங்கே புதைத்தார்கள் என்று அதுவரை கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை.

பட்டா வந்தது. அறுப்புக்கு முன்பே அப்பா மேட்டில் கூரை போட்டுவிட்டார். அடுத்த விடுமுறையில் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது தைரியம் வந்து கேட்டேன், அது என்ன எலும்பு என்று. எனக்கு இன்னமும் நிச்சயமில்லை என்பதையும் சொன்னேன்.

அவள் முறத்தை நிறுத்தவில்லை.

“எதுவா இருந்தா என்ன? இப்ப நம்ம வூட்டுலதான இருக்கு.”