படுத்துக் கிடந்த கள்ளி

தோட்டத்திலிருந்து கிளம்புமுன் மிலாடா ஒரு காரியம் செய்வாள். கோட்டுப் பையிலிருந்து பேக்கிங் டேப்பை எடுத்து ஒரு சாண் கிழிப்பாள். இடது உள்ளங்கையில் ஒட்டி, கட்டைவிரலால் நீவி, வெடுக்கென்று உரிப்பாள். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பூனைமுடி போலப் பொடிமுள் ஒட்டியிருந்தால்தான் திருப்தி. சப்பாத்திக்கள்ளி வளர்க்கிறவளுக்கு இதுதான் கை கழுவுவது.

செக் நாட்டின் பிர்னோ நகரில் டிராம் ஓட்டுகிறவள். டிராம் கொட்டகைக்குப் பின்னே மேட்டில், ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக் கொடுத்த தோட்டங்களில் மற்றவர்கள் நூக்கலும் உருளைக்கிழங்கும் போட, இவள் பாதி இடத்தைக் கள்ளிக்குக் கொடுத்திருந்தாள். பனிக்குக் கள்ளி அசையாது, ஈரம்தான் எமன். மழை தொடங்கியதும் செங்கல் மேல் பழைய ஜன்னல்களைப் படுக்கவைத்துக் கூரை போட்டுவிடுவாள். கள்ளியும் தன் பங்குக்கு உடம்புத் தண்ணீரை வற்றவைத்துக்கொண்டு, காற்றுப்போன வெந்நீர்ப் பை மாதிரி மண்ணில் சரிந்துவிடும்.

பக்கத்துத் தோட்டத்துப் பொகுமிருக்கு இந்தக் குளிர்காலம் முழுக்க வேலியோரம்தான் வேலை.

"பக்கத்துக்காரம்மா, அடக்கம் என்னிக்கு? பிளம் வச்ச கோலாச் ரொட்டி கொண்டாரேன்."

"தூங்குதுங்க. சாப்பாட்டுக்கப்புறம் நீங்க தூங்கலையா?"

"நான் குறட்டையாவது விடுவேனே! இது மூச்சே காணோமே. நெசமாவே எந்திரிக்குமா?"

வசந்தம் வந்ததும் விளையாட்டு வினையாயிற்று. தோட்டச் சங்கத்துப் புதுத் தலைவி சுற்றிப் பார்க்க வந்தவள், சுருங்கிக் கிடந்த மடல்களைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள், நாற்றம் எதுவும் இல்லாமலே.

"செத்ததைப் போட்டு வைக்கவா எடம் குடுத்தோம்? தோண்டி எறிஞ்சுட்டு உருளைக்கிழங்கு போடுங்க."

சனிக்கிழமை சங்கக் குடிசையில் பீர் குவளைகளுக்கு நடுவே விவகாரம் வந்தது. மிலாடா எழுந்தாள். டிராமில் அவள் அதட்டினால் கூட்டமே உள்ளே நகரும். இங்கே கெஞ்சத்தான் வேண்டியிருந்தது.

"ஜூன் வரைக்கும் பொறுங்க. எந்திரிக்கலேன்னா நானே தோண்டிடறேன்."

கைகள் உயர்ந்தன. தோண்டச் சொன்னவர்களும் பொறுக்கச் சொன்னவர்களும் சரிபாதி. மிச்சம் பொகுமிர் ஒருவர்தான், தொடையைச் சொறிந்துகொண்டிருந்தார். தொலைந்தது என்று மிலாடா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பொறுக்கலாம்," என்றார் பொகுமிர்.

"நீங்களா சொல்றீங்க?" என்றாள் தலைவி.

"எந்திரிக்குதான்னுதான் பார்ப்போமே!" அவர் காது சிவந்திருந்தது.

மே மாத வெயிலில் மிலாடா கூரையை எடுத்தாள். முதலில் ஒரு சுருக்கம் நீங்கியது. பிறகு ஒரு மடல் முழங்கையை ஊன்றித் தலை தூக்கியது. ஜூன் பிறந்தபோது அத்தனையும் எழுந்து நின்று மஞ்சளாகப் பூத்தன. தலைவி வந்து, நிஜம்தானா என்று ஒரு மடலை விரலால் அழுத்திப் பார்த்தாள். மிலாடா டேப்பை நீட்டினாள்.

பொகுமிர் ஏன் தன் பக்கம் சேர்ந்தார் என்பது மட்டும் அவளுக்கு விளங்கவேயில்லை. பூவெல்லாம் உதிர்ந்த பிறகு அவர் மனைவி யார்மிலா வேலியோரம் வந்து கிசுகிசுத்தாள்.

"மிலாடா, அந்த டேப் வித்தை துணிக்குச் செல்லுமா? போன ஆகஸ்ட்ல இந்த மனுஷன் ஒங்க கள்ளியில ஒரு மடலை ஒடச்சு, பேண்ட் பையில போட்டுக் கொண்டாந்துட்டாரு. எத்தனை தடவை தொவைச்சும் முள்ளு போகலை. எங்க தோட்டத்துப் பின்பக்கம், அவரைக்கொடிக்கு மறைவா அதை நட்டாரு. குளிர் வந்ததும் அது பொத்துனு படுத்துருச்சு. ஒங்ககிட்ட வந்து எப்படிக் கேப்பாரு, சொல்லுங்க?"