எனக்கு மட்டும் வந்த தமிழ்ப் பேப்பர்

பயம் வந்தா எனக்கு முதல்ல நனையறது உள்ளங்கைதான். அன்னைக்குப் பரீட்சை மண்டபத்துல பேனா வழுக்கிக்கிட்டே இருந்தது.

ருவான்வெல்லை பஜார்ல பிரிட்ஜ், ஏசி திருத்துறது என் தொழில். பிறந்தது பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுல. வேலை பழகினது ஒரு சிங்கள பாஸ்கிட்ட. பதினோரு வருஷமா எவனும் என்கிட்ட கடுதாசி கேட்டதில்லை. திடீர்னு, அத்தாட்சிப் பத்திரம் இல்லாதவன் இனிமே பிரிட்ஜ் கேஸைத் தொடக்கூடாதுன்னு பேச்சு கிளம்பிச்சு. கித்துல்கலையில நான் ஏசி பார்த்துக்கிட்டிருந்த ஹோட்டல் மனேஜர், "பரீட்சை பாஸ் பண்ணிட்டு வா, இல்லேன்னா வராதே"ன்னுட்டார். எங்க வீட்டு அடுப்பு எரிஞ்சதே அந்த ஹோட்டலாலதான்.

விண்ணப்பத்துல மொழின்னு இருந்த இடத்துல தமிழ்னு போட்டேன். சிங்களம் தண்ணி பட்ட பாடு, ஆனா வாசிக்கத் தெரியாது. தமிழ்தானே, என்ன பெரிய கஷ்டம்னு ஒரு திமிர்.

மண்டபத்துல அத்தனை பேருக்கும் சிங்களப் பேப்பர், எனக்கு மட்டும் தமிழ். திறந்து பார்த்தா, ஐயோ கடவுளே! 'ஒடுக்கி'யாம், 'ஆவியாக்கி'யாம். கொம்பிரசரையும் காணோம், கண்டென்சரையும் காணோம். சொந்தப் பாஷையில ஒரு எழவும் விளங்கல. யார்கிட்ட கேக்குறது? ஆவியாக்கின்னா ஆவி வர்ற சாமானா இருக்கும்னு நெனச்சு, 'கடுமையாகச் சுடும், கை வைக்கக் கூடாது'ன்னு எழுதித் தொலைச்சேன். தேயிலை பெக்டரி பொயிலர்தான் என் மனசுல ஓடிச்சு.

அடுத்த பக்கத்துல ஒரு படம் இருந்தது. குழாய் மேல விரலை வச்சு, கேஸ் போற வழியிலேயே நானும் போனேன். கொம்பிரசர் இருக்கிற இடத்துல 'அமுக்கி'. சூடான கேஸ் ஆறுற கண்டென்சர்தான் 'ஒடுக்கி'. அப்போ ஐஸ் பிடிக்கிற இடம்? அடப்பாவி, அதுதான் ஆவியாக்கி! நான் சுடும்னு எழுதினது அதைத்தான். எல்லாத்தையும் வெட்டி எழுதி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியா இருந்தது.

ரெண்டு மாசம் தூக்கமில்லை. அப்புறம் சித்தியடைஞ்சதா, அதாவது பாஸ்னு, ஒரு கடிதம் வந்தது. அதுவும் முழுக்கத் தமிழ்.

தமிழ் வாசிக்கத் தெரியாத மனேஜர் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பினார். "மேக்கெ மொனவத லியலா தியென்னே?" என்ன எழுதியிருக்குன்னு கேட்டார். பாஸ்னு எழுதியிருக்குன்னேன். "நீயே சொன்னா நான் எப்படி நம்புறது?"ன்னு, ரூம் கூட்டுற அக்காவைக் கூப்பிட்டார். அங்க தமிழ் ஆளுன்னா அவங்க ஒருத்தங்கதான், தோட்டத்திலிருந்து வர்றவங்க.

அக்கா கடிதத்தை வாங்கி, கண்ணைச் சுருக்கி, மேலிருந்து கீழே மெதுவாப் பார்த்தாங்க. பிறகு என்னைப் பார்த்தாங்க. உள்ளங்கை நனைஞ்சு வடிஞ்சது. 'சித்தி'யைப் படிச்சிட்டு, சின்னம்மான்னு சொல்லித் தொலைச்சா என் கதி என்ன?

"பாஸ் வெலா, சார்"னு, பாஸாயிட்டேன்கிறதைச் சிங்களத்துலேயே சொன்னாங்க. மனேஜர் தலையாட்டிட்டுப் போனார்.

வெளிய வந்ததும், "நல்ல வேளை, வாசிச்சீங்கக்கா"ன்னேன்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. எனக்கு எழுத்தே தெரியாது. ஒங்க மூஞ்சியத்தான் பார்த்தேன். பொய்க் கடுதாசி கொண்டாறவன் இப்பிடி நடுங்க மாட்டான்."

சொல்லிட்டு விளக்குமாத்தை எடுத்தாங்க. எடுக்கிறதுக்கு முந்தி, நனைஞ்ச உள்ளங்கையைச் சேலையில ரெண்டு தரம் துடைச்சுக்கிட்டாங்க.