நைனாவின் காரும் கற்பூரத் தட்டும்

கிருஷ்ணாயில் என்கிற மண்ணெண்ணெயில் ஊறிய பழந்துணிக்கு ஒரு வாடை உண்டு. கையில் ஏறினால் அது தலையணையிலும் ஏறும், எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் மறுநாள் பிசைந்து வாயில் வைக்கிற கவளம் வரைக்கும் கூடவே வரும். மயிலாப்பூர் என்றதும் மற்றவர்களுக்குக் குளத்துப் பாசி வாடையும் பூக்கடை வாடையும் நினைவுக்கு வருமாம். எனக்கு வருவது இந்த வாடைதான், வந்த உடனே எழுந்துபோய் அடுப்பை ஒரு தரம் பார்த்துவிட்டு வராமல் என்னால் உட்கார முடியாது. இதை எழுத உட்காரும் முன்பும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

என் தகப்பனாரை ‘நைனா’ என்று கூப்பிடுவோம். லஸ் முனையில் வாடகைக் கார் ஓட்டினார். துணிக்கூரை போட்ட, முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்புகிற பழைய வண்டி. சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விற்றுவிட்டுப் போனதை, அம்மா தன் கழுத்திலும் காதிலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுக்க, நைனா வாங்கினார். அப்போது தியாகராய நகரில் ஏரி தூர்த்த நிலத்தில் புதுப் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. மனை பார்க்கப் போகிறவர்கள், புதுமனை புகுகிறவர்கள் என்று சவாரிக்குக் குறைவில்லை. வண்டி ஓடினால் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும், நின்றால் அதுவும் நிற்கும், அவ்வளவுதான் எங்கள் பிழைப்பு.

ஓடுகிற வண்டியில் எண்ணெய் கசியும், கசிந்த எண்ணெயில் செம்மண் புழுதி படியும், படிந்தது வெந்து வெந்து தார் மாதிரி இஞ்சினை மூடிக்கொள்ளும். அப்படியே விட்டால் இஞ்சின் சூடு வெளியே போகாது, எங்கே கசிகிறது என்றும் தெரியாது, ஒரு பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளவும் செய்யும். அதனால் வருஷா வருஷம் ஆயுத பூசையன்று காலையில் இஞ்சினுக்கு ஒரு பெரிய குளியல். நைனா அதற்கு ‘தலை முழுக்கு’ என்று பெயர் வைத்திருந்தார்.

அன்றைக்கு நைனாவைவிட அம்மாவுக்குத்தான் பதற்றம் அதிகம். வண்டியை வெட்டவெளியில் தள்ளி நிறுத்தினார்களா, முந்தின நாள் ஓடிய சூடு அடங்கிவிட்டதா என்று இஞ்சின்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். நைனா பாட்டரிக் கம்பியைக் கழற்றி, தண்ணீர் படக்கூடாத இடங்களையெல்லாம் மெழுகுத்துணியால் கட்டி முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பாள். ஒரு வாளி மணல், நனைத்த கோணிகள், வழிகிறதைப் பிடிக்க வண்டிக்கு அடியில் ஒரு தகரத் தட்டு எல்லாம் அவள் ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, பீடி குடிக்கிறவர்கள் யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள என்னைத் தெருவாசலில் நிற்க வைப்பாள்.

எதிர்வீட்டு ஜட்கா வண்டிக்காரர் கண்ணாயிரம் வருஷம் தவறாமல் என்னிடம் மாட்டுவார்.

“இன்னா புள்ள, வழிய மறிச்சிக்கினு நிக்கிற? டோல்கேட்டா?”

“பீடிய அணைச்சிட்டு வா மாமா. அம்மா சொல்லிச்சி.”

“ஒங்க நைனா கழுவுறது காரா, வெடிகுண்டா? என் குதிரைக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்துனா முடிஞ்சிது. இங்க இன்னாடான்னா எண்ணெயி, பிரசு, சவுக்காரம்... கல்யாணப் பொண்ணு கெட்டா போ!”

“ஒன் குதிர பத்திக்கினு எரியாது அண்ணே, இது எரியும்” என்று உள்ளிருந்து அம்மாவின் குரல் வரும்.

“குதிர எரியாது, ஒதைக்கும். அதுக்கு நான் வாசல்ல ஆள் போட்டுக்கீறேனா?” என்று சிரித்துக்கொண்டே பீடியைத் தரையில் தேய்த்து அணைப்பார்.

அந்த வருஷமும் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. நைனா மூங்கில் சிம்பால் பிசுக்கைச் சுரண்டினார், கிருஷ்ணாயில் தொட்ட பிரசால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தார், சவுக்காரத் தண்ணீர் விட்டுத் துடைத்தார். கிருஷ்ணாயில் வாடையோடு சாமி கும்பிடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அது லேசில் காய்ந்தும் தொலையாது. அதனால் கடைசியாக ஒரு தரம் பெட்ரோல் விட்டு அலசிவிடுவார். பிறகு இஞ்சின் மூடியைத் திறந்தபடியே வெயிலில் விட்டுவிட்டால், பொழுது சாய்ந்து பூசை போடுவதற்குள் வாடை எல்லாம் பறந்துவிடும்.

அன்று பெட்ரோல் விட்டு முடித்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. நைனாவும் அம்மாவும் வண்டியைத் தகரக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். மழைத்தண்ணீர் நிரம்பி வழிந்துவிடப் போகிறதே என்று, அடியில் இருந்த தகரத் தட்டையும் அதில் வழிந்த பெட்ரோலோடு அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டார்கள். சாரல் அடிக்காமல் கதவைச் சாத்தினார்கள். மணல் வாளி மட்டும் முற்றத்தில் நின்று நனைந்துகொண்டிருந்தது.

நல்ல நேரம் போய்விடும் என்று பூசையைத் தள்ளிப்போடவில்லை. அப்போதுகூட அம்மா கேட்டாள்.

“ஏன்யா, சாம்பிராணி போட்டுறவா?”

“தணல் வாணாம். பெட்ரோலு காத்து தரையோட படுத்துக்கினு கீது.”

அம்மா உடனே போய் அடுப்புத் தணலில் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். அது புகைந்து அடங்கும் வரை நின்று பார்த்தாள். பிறகு சாமி விளக்கில் கற்பூரம் ஏற்றித் தட்டில் வைத்து, மழையில் அணைந்துவிடாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து கொட்டகைக்குக் கொண்டுவந்தாள். வழியில் ஒரு தரம் சுடர் குன்றியது. அவள் நின்று, காற்றுக்கு முதுகு காட்டி, அது நிமிர்ந்த பிறகு நடந்தாள்.

பீடி நெருப்பு, அடுப்பு நெருப்பு, தணலும் நெருப்புதான். கற்பூரத்தை எங்கள் வீட்டில் யாரும் நெருப்பு என்று எண்ணியதே இல்லை. அது சாமி.

பூக்கூடையோடு நான் கதவண்டை நின்றேன். நைனா கற்பூரத் தட்டை வாங்கி இஞ்சினுக்கு நேரே குனிந்தார். பெரிய ஜமுக்காளத்தை ஓங்கி உதறினாற்போல் ஒரு சத்தம். முதலில் தரையில் நீலமாக ஒன்று ஓடியது, பிறகுதான் மஞ்சளாக எழுந்தது. அம்மா என்னை வெளியே தள்ளினாள். வண்டிக்கு அடியில் இருந்த தகரத் தட்டு தகதகவென்று எரிய, அது பெட்ரோல் டாங்குக்குக் கீழே இருந்ததால் நைனா இரண்டு கையாலும் அதைப் பிடித்து வெளியே இழுத்தார். எரிகிற பெட்ரோல் தளும்பித் தளும்பி அவர் கைமேல் வழிந்தது. விடவில்லை; முற்றம் வரை இழுத்துவந்து போட்டார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த கண்ணாயிரம் ஈரக் கோணிகளை வாரிப் போட்டார். பிறகு தன் ஜட்காவிலேயே நைனாவை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

நைனா பிழைத்தார். விரல்கள்தான் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன, ஸ்டீரிங்கைப் பிடிக்க அவை பிறகு விரியவே இல்லை. கூரை எரிந்துபோன வண்டியைப் பழைய இரும்புக்குக் கொண்டுபோனார்கள். அம்மா தியாகராய நகரில் ஒரு பங்களாவுக்கு வேலைக்குப் போனாள். நைனாவுக்குச் சோறு ஊட்ட ஆள் வேண்டும் என்பதால் என் படிப்பு அத்தோடு நின்றது. பிசைந்து ஊட்டும்போது சில நாள், “கையைக் கழுவுனியா? கிருஷ்ணாயிலு நாறுது” என்பார். வீட்டில் அப்போது கிருஷ்ணாயிலே இருக்காது.

அம்மாவை அவர் ஒரு வார்த்தை கடிந்ததில்லை. “கற்பூரம்டி அது. அத்தப் போயி யாரு நெருப்புன்னு நெனைப்பா?” என்று ஆறுதலாகத்தான் சொல்வார். அவர் அதைச் சொல்லும் போதெல்லாம் அம்மா எழுந்து வெளியே போய்விடுவாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கற்பூரம் ஏற்றியதில்லை. கோயிலில் தீபாராதனைத் தட்டு வரிசையில் வரும்போது, எல்லாரும் கையை நீட்டி ஒற்றிக்கொள்ள, அம்மா மட்டும் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு இரண்டடி பின்னால் போய்விடுவாள். நாத்திகக் குடும்பமோ என்று பக்கத்தில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள்.

இப்போது அந்தத் தகரக் கொட்டகை இல்லை, மாடிவீடு நிற்கிறது. கண்ணாயிரமும் இல்லை, லஸ்ஸில் ஜட்கா நிறுத்தமும் இல்லை. நைனா போய் வெகு காலம் ஆகிறது. ஆயுத பூசை வந்தால் மட்டும் தெரு முழுக்கக் கார்கள் வாழைக்கன்று கட்டிக்கொண்டு நிற்கின்றன. நான் ஒவ்வொன்றாகப் போய், “இஞ்சினை எதில் கழுவினீர்கள், நன்றாகக் காய்ந்ததா, மூடியைச் சாத்திவிட்டுக் கற்பூரத்தைத் தள்ளி நின்று காட்டுங்கள்” என்று சொல்லிக்கொண்டு நடக்கிறேன். “இன்னாக்கா, வருஷா வருஷம் இதே பாட்டா?” என்று பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன தை மாதம் அம்மா போனாள். கூடத்தில் கிடத்தியதும் வழக்கப்படி யாரோ அவள் தலைமாட்டில் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றி வைத்தார்கள். நான் அவள் கையைப் பார்த்தேன். நீட்டிக் கட்டிவிட்டிருந்தார்கள், சுருட்டி வைத்துக்கொள்ள அவளால் ஆகவில்லை, பின்னால் போகவும் ஆகவில்லை. எழுந்துபோய் அந்தத் தட்டை எடுத்துச் சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டு, அதற்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.