வாங்கலாம் டீச்சர்

ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சியைக் கெடுத்தவன் நான். கை தவறிப் போட்டு உடைக்கவில்லை. சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் கெடுத்தேன்.

மறந்துவிட்டேன் என்று நீங்கள் எனக்காகச் சாக்குச் சொல்ல வேண்டாம். தெரிந்தே செய்தேன். ஏன் செய்தேன் என்பதுதான் இன்னும் கேவலம்... என்ன ஆகும் என்று பார்க்கும் ஆசை!

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூரில் சாயப்பட்டறை, விஜயவாடா லாரியில் கிளீனர், நாவலூர் அடுக்குமாடிகளில் டைல்ஸ் வேலை... எதிலும் இரண்டு வருடம் தங்கியதில்லை. வேலை கடினம் என்று ஓடவில்லை. ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதன் மேலிருந்த ஆசை போய்விடும், அவ்வளவுதான். தாம்பரம் ரயில் நிலையத்தில் சில மாதங்கள் படுத்திருக்கிறேன். கொசுதான் அதிகம். மற்றபடி பெரிய குறையில்லை.

கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடை விற்கும் டிவிகளை வீடு வீடாகப் போய்ச் சுவரில் மாட்டும் வேலை கிடைத்தது. இதில் மட்டும் நான்கு வருடமாக நிற்கிறேன். காரணம், அந்தக் கறுப்பு.

சாதாரண எல்இடி டிவியில் இருட்டுக் காட்சி வந்தால் கறுப்பு சாம்பலாகத்தான் தெரியும். பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது அல்லவா! ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, தானே அணைகிறது. அணைந்த இடம் அணைந்ததுதான். கடையில் முதல் தடவை பார்த்த அன்று, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்றே தெரியவில்லை.

நடுத்தர விலை ஓஎல்இடி வாங்கலாமா என்று மாட்டப் போகும் வீடுகளிலெல்லாம் கேட்கிறார்கள். நீங்களும் கேட்டால் மறைக்காமல் சொல்வேன். கூடத்தில் நேர்வெயில் அடித்தால் வேண்டாம். அந்த விலையில் வருவதற்கு அவ்வளவு வெளிச்சம் கிடையாது. படத்துக்குப் பதில் உங்கள் முகமும் ஜன்னல் கம்பியும்தான் தெரியும். திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படம் பார்ப்பவர், பல சேனல் மாற்றுபவர் என்றால் கொடுத்த காசுக்கு நஷ்டமில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது. ஆனால், ஒரே சேனல் நாள் முழுக்க ஓடும் வீடென்றால்...

அங்கேதான் எனக்கு அரிப்பு தொடங்கியது. ஒரே சின்னம் ஒரே மூலையில் மாதக்கணக்கில் எரிந்தால் அந்த இடத்துப் புள்ளிகள் தேய்ந்து கறை விழும் என்று கைப்பேசியில் யார் யாரோ பேசிய காணொளிகளில் பார்த்திருந்தேன். பெருங்களத்தூரில் டிவி பழுது பார்க்கும் பாபு, என் சிநேகிதன், அதை ஒப்புக்கொள்ளவே மாட்டான்.

"கறையாவது ஒண்ணாவது! அதெல்லாம் அந்தக் காலத்து மாடல் மச்சான். இப்போ வர்றது ரிமோட்ல ஆஃப் பண்ணதும் தன்னைத் தானே சரி பண்ணிக்குது. சுவத்து சுவிட்ச் போர்டுல கரண்டு மட்டும் இருக்கணும்."

"போர்டுல அணைச்சுட்டா?"

"அணைச்சா அது எப்படிடா வேலை செய்யும்? நீ மாவு அரைக்கச் சொல்லிட்டு கிரைண்டர் ஒயரைப் பிடுங்குவியா?"

"அப்போ கறை விழும்."

"விழும்... விழாது... எனக்கு இன்னா தெரியும்? நான் இதுவரிக்கும் ஒண்ணுகூடப் பாக்கல. டீ சொல்லு."

அவன் டீயோடு அதை மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை. விழுமா, விழாதா? எத்தனை மாதத்தில்? என்ன நிறத்தில்?... பைத்தியக்காரத்தனம் என்றுதானே நினைக்கிறீர்கள்? எனக்குத் தூக்கத்திலும் அதே கேள்வி.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்குப் போனேன். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் அந்தோணி சாருக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது, இடது பக்கம் முழுதும் போய்விட்டது. கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பழைய டிவியை அவர் பக்கம் திருப்பி மாட்ட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

திருப்ப முடியவில்லை. தூண் இடித்தது. கட்டிலில் தலை வைத்துப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் திரையில் எல்லா முகமும் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்துக் கிடந்தது.

"அவருக்கு இது ஒண்ணுதான் தம்பி. காலையில பூசை, மத்தியானம் ஜெபமாலை, சாயந்திரம் பிரசங்கம். சேனல் மாத்தினா கையை ஆட்டுவார். கிரிக்கெட் இருந்தா மட்டும் விடுவார்" என்றார் டீச்சர். "சைடுல இருந்து பாத்தாலும் நல்லாத் தெரியற மாதிரி புதுசா ஒண்ணு வந்திருக்காமே. வாங்கலாமா?"

நான் திரையைப் பார்த்தேன். வலது மேல்மூலையில் அந்தச் சேனலின் சின்னம், ஒரு சிலுவை. சிவப்பும் வெள்ளையுமாக அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து அதே இடம்!

இன்னொன்றையும் பார்த்தேன். நான் வேலை பார்க்க வேண்டும் என்று டீச்சர் ரிமோட்டில் டிவியை அணைத்தார். அதோடு விடவில்லை. சுவரருகே நடந்து போய் சுவிட்சையும் அணைத்தார்.

"ரிமோட்ல மட்டும் அணைச்சா அது அணைச்ச மாதிரியே இல்ல தம்பி. சின்னதா ஒரு சிவப்பு லைட்டு முழிச்சுக்கிட்டே இருக்கும். ராத்திரி நான் படுக்கறப்போ போர்டுல எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தான் படுப்பேன்."

நீங்களும் அப்படித்தானே? என் அம்மாவும் அப்படித்தான். இந்தப் பக்கத்தில் பொறுப்பான வீடு என்றால் அப்படித்தான்.

என் தலைக்குள் எல்லாம் ஒரே நொடியில் சேர்ந்தது. ஒரே சேனல், ஒரே மூலை, இரவில் மின்சாரமே கிடையாது. நானே தேடியிருந்தாலும் இப்படி ஒரு வீடு கிடைத்திருக்காது!

"வாங்கலாம் டீச்சர்" என்றேன். "சாருக்கு இதுதான் சரி."

பொய்யா அது? இல்லையே! பக்கவாட்டில் படுத்திருக்கும் மனிதருக்கு அதைவிட நல்லது கிடையாது. உண்மையில் பாதியைச் சொன்னேன். மீதிப் பாதியை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

மாட்டும் அன்று, திரை மெல்லியது, இரண்டு பேர் பிடிக்க வேண்டும் என்பதால் பாபுவைக் கூட்டிப் போனேன். அவனுக்கு ஐந்து நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. வெளியே வந்ததும் மாடிப்படியில் என் சட்டையைப் பிடித்தான்.

"டேய், இந்த வூட்ல போய் இதையா வாங்கச் சொன்ன? நாள் பூரா அந்தச் சேனலே ஓடிகினு கீது!"

"கறை விழாதுன்னு நீதானே சொன்ன?"

"நான் சொன்னா? என் பேச்சை டெஸ்ட் பண்ண ஒரு நோயாளி வூடா கெடைச்சுது உனுக்கு? இன்னா ஆளுய்யா நீ! போய்ச் சொல்லு, ராத்திரி போர்டுல அணைக்க வாணாம்னு. ஒரு வார்த்தை!"

"சொல்றேன்."

மேலே ஏறிப் போனேன். அந்தோணி சார் புதுத் திரையில் பூசை பார்த்துக்கொண்டிருந்தார். பாதிரியாரின் அங்கியில் இருந்த தங்க இழைகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அவருடைய வலது கை போர்வைமேல் மெல்ல எழுந்தது. நெற்றி, மார்பு, தோள்... சிலுவை போட்டுக்கொண்டார். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி தம்பி" என்றார்.

நான் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். "சொல்லிட்டேன்" என்றேன் பாபுவிடம்.

அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த வீட்டுக்குப் போனேன். திருகாணி இறுக்கமாக இருக்கிறதா பார்க்க வந்தேன் என்பேன். கடையில் இப்படியொரு சேவையே கிடையாது! டீச்சருக்கு அது தெரியாது. "வேற யாருப்பா இப்படி வந்து பாக்கறாங்க?" என்று காபி கொடுப்பார். நான் காபியைக் குடித்துக்கொண்டே சேனலை மாற்றி, வெறும் நிறம் வரும் காட்சி தேடி, வலது மேல்மூலையை உற்றுப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. அப்போதெல்லாம் எனக்கு வந்தது நிம்மதி என்று சொல்ல எவ்வளவு ஆசை... ஏமாற்றம்தான் வந்தது.

பதினோராவது மாதம் போனபோது விழுந்திருந்தது.

கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை மைதானத்தின் மூலையில் மங்கலாக, நனைந்த துணியை ஒற்றி எடுத்தது போல் ஒரு சிலுவை. பந்து அந்தப் பக்கம் உருண்டால் அதற்குள் புகுந்து வெளியே வந்தது. எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சந்தோஷம்! விழுந்துவிட்டது, நான் சொன்னதுதான் சரி, பாபு தோற்றான்! கைப்பேசியை எடுத்து இரண்டு படம்கூடப் பிடித்தேன்.

திரும்பினால் டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

"நானும் போன மாசமே பாத்தேன் தம்பி. துடைச்சு துடைச்சுப் பாத்தேன், போகல. கடைக்குப் போன் பண்ணா, இது வாரண்டியில வராதுன்னுட்டாங்க." சிறிது நேரம் என்னையே பார்த்தார். "இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

நாற்பது வருடம் பிள்ளைகளின் முகத்தைப் படித்த கண்கள் அவை. தப்பிக்க முடியாது என்றுதான் நினைத்தேன்.

"தெரியாது டீச்சர்."

அவர் நம்பிவிட்டார்! அதுதான்... அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"என் தப்புதான்" என்றார். "அதோட வந்த புத்தகத்துல போட்டிருக்கான், ஒரே படத்தை ரொம்ப நேரம் வைக்காதீங்கன்னு. எறும்பு மாதிரி எழுத்து, படிக்காம விட்டேன். சயின்ஸ் டீச்சர்னு பேரு! பிள்ளைங்களை எல்லாம் படி படின்னு அடிச்சவ நானு." சிரிக்கப் பார்த்தார். "இப்ப காலையில பூசை முடிஞ்சதும் அணைச்சுடறேன். சாயந்திரம் ஒரு மணி நேரம். அவருக்குக் கோபம்தான், கையை ஆட்டிக்கிட்டே இருப்பார். என்ன பண்றது, இருக்கறதையாவது காப்பாத்தணுமே."

கட்டிலைப் பார்த்தேன். அந்தோணி சார் என்னைப் பார்க்கவில்லை. டீச்சர் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். உங்கள் தப்பு இல்லை டீச்சர், எனக்குத் தெரியும் என்று. வாய்வரை வந்தது. காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது ஓஎல்இடி மாட்டும் எல்லா வீட்டிலும் அந்த வாக்கியத்தை மூன்று முறை சொல்கிறேன். போர்டுல அணைக்காதீங்க, ரிமோட்டோட விடுங்க. சில வீட்டில் சிரிக்கிறார்கள், ஒரு பெரியவர் கரண்ட் பில் நீ கட்டுவாயா என்று கேட்டார். பரவாயில்லை, நான்காவது முறையும் சொல்கிறேன்.

ஊரப்பாக்கத்துக்கு மட்டும் போகவில்லை. போய்ச் சொன்னால் மிச்சமிருக்கும் திரையாவது பிழைக்கும், சாருக்கு மதிய ஜெபமாலையும் திரும்பக் கிடைக்கும். ஆனால் இது உனக்கு எப்போதிருந்து தெரியும் என்று டீச்சர் கேட்பார். மறுபடியும் பொய் சொன்னால் இந்த முறை நம்ப மாட்டார். உண்மையைச் சொன்னால்... எதற்கு பயப்படுகிறேன்? அவர் என்னை என்ன செய்துவிடுவார்? தெரியவில்லை. உலகத்தில் எதையெதையோ தெரிந்துகொள்ளத் துடித்தவனுக்கு இதை மட்டும் தெரிந்துகொள்ளத் தைரியமில்லை!

இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்குக்கூட விஷயம் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாது. இன்று இரவும் டீச்சர் சுவரருகே போவார். டிவி கெட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில், முன்னைவிடக் கவனமாக, அந்தச் சுவிட்சை அணைப்பார்.