மூணு சுழிப் பனி

என் அப்பாவுக்கு வேலை போனது ஒரு மூணு சுழி ‘ண’வால். போக வைத்தது நான். அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் நடுநிலைப் பள்ளியில் அதற்கு மேல் ஒரே ஒரு வகுப்புதான் உண்டு என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

எண்ணூரில் உப்பங்கழியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. கழிக்கு அந்தப்பக்கம் கம்பெனி. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, எங்கள் பக்கம் யாரும் அதைச் சொன்னதில்லை. கம்பெனி என்றால் அதுதான். அப்பா அங்கே கான்ட்ராக்டில் நைட் ஷிப்டு பார்த்தார். தொட்டி கழுவும் வேலை. எங்கள் பள்ளிக்குப் புதுக் கட்டிடம் கட்டித் தந்ததும் கம்பெனிதான். பெஞ்சு, பீரோ, குடிதண்ணீர் மெஷின் என்று எதைத் திருப்பிப் பார்த்தாலும் அதன் பெயர் நீல எழுத்தில் இருக்கும்.

தலைமை ஆசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் தமிழும் அவரே எடுத்தார். எங்கள் ஊர் வாயில் ழகரம் நுழையாது. ‘ண’வும் ‘ன’வும் காதுக்கு ஒன்றுதான். பேச்சில் அதையெல்லாம் பெரிய டீச்சர் கண்டுகொள்ள மாட்டார். எழுத்தில் மட்டும் விடமாட்டார். ரெண்டு சுழி போட வேண்டிய இடத்தில் மூணு சுழி போட்டால் சிவப்பு மையில் ஒரு வட்டம், அப்புறம் ஐம்பது தடவை எழுத வேண்டும். அப்படி எழுதி எழுதியே நான் தமிழில் முதல் மார்க் வாங்கினேன்.

மழை ஓய்ந்து கார்த்திகை முடியும்போது அவருடைய பனிச் செய்திகள் ஆரம்பிக்கும். அம்மாவின் போனில் பெற்றோர் குழு ஒன்று இருந்தது. மற்ற மாதங்களில் அதில் சீருடை, சத்துணவு, கையெழுத்து என்று ஏதாவது வந்துகொண்டிருக்கும். குளிர்காலத்தில் மட்டும் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ, விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில், இப்படி வரும்:

“அன்பான பெற்றோர்களே, நாளை காலை பனி அதிகமாக இருக்கும். பிள்ளைகளின் வாயையும் மூக்கையும் ஈரத்துணியால் கட்டி, ஒன்பதரை மணிக்கு மேல் அனுப்புங்கள்.”

சந்தில் பாதிப் பேருக்குப் படிக்க வராது. எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, போன் சத்தம் கேட்டதும் குரல் கொடுப்பார். “இன்னா கண்ணு, பெரிய டீச்சரு இன்னா எய்திக்கீறாங்க?” பக்கத்து வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு டிவியில் செய்தி வாசிப்பதுபோல் வாசிப்பேன். அந்த ஐந்து நிமிடம் சந்தே என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பனி வரும் என்று டீச்சர் சொன்னால் வந்தது. அவர் சொல்லாத நாளில் வரவில்லை. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

பனி என்றால் ஈரமாக இருக்க வேண்டும். எங்கள் பனி காய்ந்திருக்கும். விடியற்காலையில் கழிப் பக்கமிருந்து தரையோடு தரையாக வந்து, வாசற்படி ஏறி, கதவுக்கு அடியில் நுழையும். அது வருவதற்கு முன்பே தெருநாய்கள் சந்தைக் காலி செய்துவிட்டுப் பெரிய ரோட்டுக்குப் போய்விடும். காக்கைகள் கரையாது. கண் எரியும், நாக்கில் செப்புக்காசை வைத்ததுபோல் ஒரு ருசி வந்து உட்கார்ந்துகொள்ளும். கழியில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். பருந்துகூட அவற்றைத் தொடாது.

அதற்குள்ளே நாங்கள் பள்ளிக்கு நடப்போம். எல்லோர் முகத்திலும் துணி. எதிரில் வருவது யார் என்று கண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். யாரும் பேச மாட்டோம். பள்ளி மணி அடிப்பது முதலில் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கும், நாலு எட்டு வைத்தால் காலடியிலிருந்து கேட்கும். ஒரு நாள் என் பக்கத்தில் நடந்துவந்தது என் தோழி என்று நினைத்து அவள் கையைப் பிடித்தேன். கேட் அருகே வந்து பார்த்தால் பக்கத்தில் யாருமில்லை. தோழி எனக்கு முன்பே போய் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். அது யாருடைய கை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அது என்ன பனி என்று பெரியவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வீட்டுக்கு ஒருவர் கம்பெனிச் சோறு சாப்பிட்டார்கள். டீச்சர் பனி என்று எழுதினார், நான் பனி என்று வாசித்தேன், அவர்களும் பனி என்றே கேட்டுக்கொண்டார்கள். அது வரப்போவது டீச்சருக்கு எப்படி முன்கூட்டியே தெரிகிறது என்பதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை. அத்தைக்கு மட்டும் அதில் சந்தேகமே இருந்ததில்லை. “அந்தம்மாவுக்கு அருளு வருது. ஆத்தாவே வந்து காதுல சொல்லிட்டுப் போறா” என்பார். நானும் நம்பினேன். தமிழ் வகுப்பில் டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினாலே நான் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் செய்தி வந்தது. வாசிக்கத் தொண்டையைச் செருமிய நான் அப்படியே நின்றுவிட்டேன்.

“நாளைக்கு காலைல பணி ஜாஸ்தி. பசங்க வாய் மூக்கு பத்திறம்.”

பணி. மூணு சுழி. பத்திரத்துக்கு வல்லின ‘ற’ வேறு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் செய்தி அழிந்தது. அடுத்த நிமிடம் “அன்பான பெற்றோர்களே” என்று வழக்கமான செய்தி ரெண்டு சுழியோடு வந்தது. அதை வாசித்துவிட்டு உள்ளே வந்தேன்.

அந்த எழுத்தை எனக்குத் தெரியும். போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அப்பா பள்ளிக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ‘என் மகளுக்கு பணி ஒத்துக்கவில்லை, பத்திறமாக பார்த்துக்கவும்.’ பெரிய டீச்சர் அந்த இரண்டு வார்த்தைக்கும் சிவப்பு வட்டம் போட்டு, “இத அப்பாகிட்டயே குடு” என்று சிரித்தபடி திருப்பித் தந்தார். அந்த லெட்டர் இன்னும் என் தமிழ் நோட்டுக்குள்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அதே பணி, அதே பத்திறம். டீச்சர் அவசரத்தில் அப்பா அனுப்பியதை அப்படியே குழுவில் போட்டுவிட்டிருக்கிறார்.

வேறொரு பிள்ளையாக இருந்தால் அப்பா எங்கே வேலை செய்கிறார் என்று யோசித்திருக்கும். எனக்குப் புத்தி அந்தப் பக்கம் போகவில்லை. அருள் வருவது டீச்சருக்கு இல்லை, எங்கள் அப்பாவுக்கு என்றுதான் நினைத்தேன்.

அதன்பிறகு அப்பாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஷிப்டு முடிந்து வந்து பகலெல்லாம் தூங்குவார். ஆணியில் மாட்டிய அவர் சட்டையை முகர்ந்து பார்ப்பேன். பனியே இல்லாத நாளிலும் அதில் பனி வாசனை அடிக்கும். பனி அந்தச் சட்டைக்குள்தான் குடியிருக்கிறது, அவர் சொன்னால் எழுந்து போகும் என்று நினைத்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து உட்காருவேன். அவர் இருமினால் வெளியே எட்டிப் பார்ப்பேன். பயம் எவ்வளவோ அவ்வளவு பெருமையும் இருந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும் போலிருந்தது.

பொங்கல் லீவுக்கு முந்தின நாள் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். எங்கள் ஊரில் பனி அதிகம் என்று கேள்விப்பட்டு, கம்பெனி எல்லோருக்கும் குரங்குக் குல்லா கொடுத்தது. வெள்ளைச் சட்டை, மெதுவான குரல், நல்ல மனிதராகவே தெரிந்தார். குல்லா கொடுத்து முடித்ததும் எங்கள் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

“உங்க பெரிய டீச்சர் பனி வர்றத முதல் நாளே சொல்லிடறாங்களாமே. அவங்களுக்கு எப்படிம்மா தெரியுது?”

பிள்ளைகள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி “அருளு சார்” என்றாள். டீச்சர் அவசரமாக, “பேப்பர்ல போடறாங்க சார், அதப் பாத்துதான்” என்றார். அது பொய் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் பெருமையை யாரோ தட்டிக்கொண்டு போவதுபோல் இருந்தது. எழுந்துவிட்டேன்.

“டீச்சருக்குத் தெரியாது சார். எங்கப்பாவுக்குத்தான் தெரியும். அவருதான் எய்தி அனுப்பறாரு. மூணு சுழி போட்டு எய்துவாரு, டீச்சர் திருத்திப் போடுவாங்க.”

“உக்காரு” என்றார் டீச்சர். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

“இருங்க டீச்சர், குழந்த சொல்லட்டும்.” அவர் என் அருகே வந்து குனிந்தார். “அப்பா எங்கம்மா வேல செய்றார்?”

“உங்க கம்பெனிலதான் சார். நைட் ஷிப்டு.”

அப்பா பெயரைக் கேட்டார். இனிஷியலோடு சொன்னேன். என் கன்னத்தைத் தட்டி எனக்கு மட்டும் இரண்டு குல்லா கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா எழுந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். “இன்னா சொன்ன, மறுக்கா சொல்லு” என்றார். மறுபடி சொன்னேன். சோற்றுக் கையோடு கொஞ்ச நேரம் குல்லாவையே பார்த்தார். பிறகு கை கழுவிவிட்டு வந்து, ஒன்றை எடுத்து என் தலையில் மாட்டி, காதுவரை இழுத்துவிட்டார். “நல்லாக் கீது” என்றார். அன்று சாயங்காலம் வழக்கம்போல் வேலைக்குக் கிளம்பிப் போனார்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் கேட்டிலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கான்ட்ராக்டு முடிந்துவிட்டது என்று என்னிடம் சொன்னார்கள். அத்தை, “பேஜாராப் பூட்ச்சி” என்று மட்டும் சொல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. அம்மாவாவது ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம்.

நடந்தது என்ன என்று அத்தை எனக்குச் சொன்னது பல வருடம் கழித்து. நைட் ஷிப்டு ஆட்கள் கேட்டில் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த நேரத்தில் பகல் ஷிப்டு ஆட்கள் வெளியே வருவார்கள். விடியற்காலையில் வாயுவைத் திறந்துவிடப் போகிறார்கள் என்றால் அவர்கள் பேச்சில் அது வந்துவிடும். அப்பா அதைக் காதில் வாங்கிக்கொண்டு, டீச்சருக்கு ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போவார். அத்தையிடமே வெகுகாலம் கழித்துத்தான் சொன்னாராம், அதுவரை வீட்டில் யாரிடமும் அவர் சொன்னதில்லை.

தையில் ஒரு காலை, செய்தி எதுவும் வராமலே, விடிந்து வெகுநேரம் கழித்துப் பனி வந்தது. நாங்கள் திறந்த முகத்தோடு பிரார்த்தனைக்கு வரிசையில் நின்றிருந்தோம். கேட்டுக்கு வெளியே இருந்த டீக்கடை முதலில் மறைந்தது, அப்புறம் கேட் மறைந்தது. பாட்டு பாதியில் நின்றது. என் பக்கத்தில் இருந்தவள் குனிந்து வாந்தி எடுத்தாள். முன்வரிசையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக, சத்தமே இல்லாமல், தரையில் உட்கார்ந்தார்கள். பெரிய டீச்சர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். ஜன்னல் திரைகளைக் கிழித்து நனைத்து ஒவ்வொரு முகமாகக் கட்டினார். என் முன்னால் வந்து நின்றபோது அடிக்கத்தான் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கட்டிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார். அவசரத்தில் முடிச்சு சரியாக விழவில்லை. சின்னப் பிள்ளைகளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய், பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

அன்று சாயங்காலம் செய்தி வந்தது. நாளை காலை பனி அதிகமாக இருக்கும். மறுநாள் பளீரென்று வெயில். அன்றும் செய்தி வந்தது. அதற்கு மறுநாளும் வெயில்தான், செய்தியும் வந்தது. அதன்பிறகு ஒரு நாள்கூட நிற்கவில்லை. மாசி வெயில் மண்டையைப் பிளந்தபோதும் சாயங்காலமானால் நாளை காலை பனி அதிகமாக இருக்கும். சந்தில் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். “அருளு எறங்கிப் பூட்ச்சி, பாவம்” என்றார் அத்தை. வாசலில் நின்று கேட்க ஆள் இல்லாமல் போனது, நானும் வாசிப்பதை விட்டேன். எந்த நாள் என்று இனி அவருக்குத் தெரியாது, அதனால்தான் எல்லா நாளும் எழுதுகிறார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அப்பா உதவி இல்லாமல் டீச்சர் இப்படி உளறுகிறாரே என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூடப் பட்டேன்.

அப்பா இப்போது காலையில் வீட்டில் இருந்தார். மீன் லாரிக்குப் பெட்டி தூக்கக் கிளம்புவதற்கு முன், தினமும் அவரே துணியை நனைத்துப் பிழிந்து என் முகத்தில் கட்டுவார். “பனியே இல்லியேப்பா” என்பேன். “இருக்கட்டும், கட்டிக்கினு போ” என்பார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார் என்பதால் சந்து திரும்பும்வரை கட்டிக்கொண்டு நடப்பேன். திரும்பியதும் அவிழ்த்துப் பைக்குள் திணித்துவிட்டு, என்னைப்போலவே அவிழ்த்துவிட்ட மற்ற பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டே பள்ளிக்குப் போவேன்.