ஆம்புலன்ஸ் வீடு

பழைய ஆம்புலன்ஸை வீடாக்கப் போவதாக அப்பா சொன்னபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காகப் பதினோரு வருடம் அப்பா ஓட்டிய வண்டி. ஆஸ்பத்திரி புது வண்டி வாங்கியதும் இது பழைய இரும்புக்குப் போக இருந்தது. அப்பா கெஞ்சிக் கூத்தாடித் தனக்கென்று கேட்டு வாங்கிவந்துவிட்டார்.

"எத்தினி பொணம் ஏத்துன வண்டி. இதுல புள்ளைங்கள படுக்க வைக்கப் போறீங்களா?" என்றாள் அம்மா.

"பொழைச்சவங்களும் இதுலதான் போனாங்க. அவங்கதான் ஜாஸ்தி," என்றார் அப்பா.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. தம்பி இன்னும் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை. அப்பா எங்களை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. தீபாவளி என்றால் வெடியில் கை சுட்டுக்கொண்டவர்கள், பொங்கல் என்றால் குடித்துவிட்டு பைக்கில் விழுந்தவர்கள். ஊருக்குக் கொண்டாட்டம் வந்தால் அப்பாவுக்கு வேலை வந்துவிடும். விட்டுப்போன அத்தனை நாளையும் ஒரே வண்டியில் ஈடுகட்டிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். படுக்கையும் அடுப்பும் வைத்த வண்டி. கல்வராயன் மலைக்குப் போவோம், பிடித்த இடத்தில் நிறுத்துவோம், சமைப்போம், தூங்குவோம். லாட்ஜும் வேண்டாம், கடைசி பஸ்ஸுக்கு ஓடவும் வேண்டாம்.

ஒரு மாதம் வேலை நடந்தது. ஸ்ட்ரெச்சர் ஓடும் தண்டவாளத்தைப் பெயர்த்து, அந்த இடத்தில் பலகையால் பெட்டிக் கட்டில் போட்டார். கட்டிலுக்குள்ளே பாத்திரங்கள். மருந்து அலமாரியில் மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் குடியேறின. சலைன் பாட்டில் மாட்டும் கொக்கியில் வாழைப்பழச் சீப்பு தொங்கியது. ஆக்சிஜன் சிலிண்டர் நின்ற மூலையில் சின்ன கேஸ் அடுப்பு. அம்மா மூன்று தரம் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், பூசணிக்காய் உடைத்தாள், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். அதற்குப் பிறகும் வண்டிக்குள் டெட்டால் வாசம் போகவில்லை. அம்மாதான் கொஞ்சம் இறங்கிவந்தாள். மலையில் குளிருமே என்று ஒரு புதுப் போர்வைகூட வாங்கினாள்.

கூரை மேலிருந்த சுழல் விளக்கை அப்பா கழற்றினார். ஆம்புலன்ஸ் என்ற எழுத்துக்களின் மேல் பச்சை பெயிண்ட் அடித்தார். சைரனை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். பதினோரு வருடம் அந்தச் சத்தத்தால் வழி கிடைத்த மனிதர். மனசு வரவில்லை போலிருக்கிறது.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறினோம். அம்மா வாயில் எலுமிச்சை இலையை வைத்துக் கடித்துக்கொண்டே வந்தாள். பதினோரு மணி இருக்கும், ஓர் ஓடை பக்கத்தில் அப்பா வண்டியை நிறுத்தினார். சரிவின் மேலே, மரங்களுக்கு அப்பால், ஏதோ ஓர் ஊரின் கோழி கூவுவது கேட்டது. அம்மாவும் அப்பாவும் தம்பியைக் குளிப்பாட்ட ஓடைக்கு இறங்கினார்கள். என்னை வண்டியில் இருக்கச் சொன்னார்கள்.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். சைரனின் சிவப்பு சுவிட்சைத் தொடக் கூடாது என்று நூறு முறை சொல்லியிருந்தார்கள். ஆகவே எந்த சுவிட்ச் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அழுத்தினேன். சத்தம் எழும்பி எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. இன்னொரு வண்டி எனக்குப் பதில் சொல்வதுபோல இருந்தது. அப்பா ஈர வேட்டியோடு மேலேறி வந்து அணைக்கும்வரை நான் விரலை எடுக்கவில்லை.

முதுகில் ஒன்று வைத்தார். ஆனால் திட்டவில்லை. சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாராவது வந்துருவாங்க," என்றார் அம்மாவிடம். "இருந்து, புள்ள தெரியாம அடிச்சதுன்னு சொல்லிட்டுப் போவலாம்."

அம்மா எலுமிச்சம்பழச் சாதம் கிளறினாள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்துவிட்டார்கள். மூங்கில் கழியில் கம்பளியைத் தூளிபோலக் கட்டி நான்கு ஆண்கள் தூக்கிவந்தார்கள். அதற்குள் ஓர் அக்கா, நிறைமாதம். முகம் மஞ்சளாக இருந்தது. கம்பளியின் அடிப்பக்கம் நனைந்து சொட்டியது. அவள் புருஷன் பின்கதவைத் திறந்தவர், அடுப்பையும் வாழைப்பழத்தையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாங்க இது? ஆம்புலன்ஸ் இல்லீங்களா?"

"ஏத்துங்க," என்றார் அப்பா.

கட்டிலில் கிடத்தினார்கள். பழக்கதோஷத்தில் அப்பாவின் கை மூலைக்குப் போய் ஆக்சிஜன் குழாயைத் தேடியது. கையில் கேஸ் அடுப்பின் ரப்பர் குழாய்தான் பட்டது. அந்தப் புருஷனும் அம்மாவும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். பொணம் ஏற்றிய வண்டி என்று ஒரு மாதம் புலம்பிய அம்மா, அந்த அக்காவின் தலையை மடியில் எடுத்து வைத்து, புதுப் போர்வையைச் சுருட்டிக் கீழே அணை கொடுத்தாள். தம்பியும் நானும் முன்சீட்டில். அப்பா தானே சைரனைப் போட்டார்.

நடுவிலிருந்த சின்ன ஜன்னல் வழியாக அந்தப் புருஷன் பேசியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "காத்தாலயே போன் பண்ணிட்டோங்க. பள்ளிக்கூடத்தாண்ட வண்டி வரும்னாங்க. கால் மணி நேரத்து வழிதான், சமதரை. பாதி தூரம் தூக்கினு போயிட்டோம். அப்பதான் இந்தப் பக்கம் சத்தம் கேட்டுச்சி. வண்டி கீழ் ரோட்டுல வந்துட்ச்சின்னு நெனச்சிகினு திரும்பிட்டோங்க."

"பள்ளிக்கூடத்துக்கு இங்கேர்ந்து ரோடு?" என்றார் அப்பா.

"மலைய சுத்திகினு போவணுங்க. ஒரு மணி நேரம் ஆவும்."

அப்பா கியரை மாற்றினார். அவர் முகத்தை நான் கவனிக்கவே இல்லை. நான் அழுத்திய சைரனைக் கேட்டுத்தானே இவர்கள் வந்தார்கள், இதைத் திங்கட்கிழமை வகுப்பில் எப்படிச் சொல்லித் தொடங்குவது என்பதுதான் என் யோசனை. பின்னால் அம்மா அந்த அக்காவிடம் பேர் கேட்டாள், ஊர் கேட்டாள், தூங்காதேம்மா என்றாள். அணை வந்தபோது அம்மாவின் பேச்சும் நின்றிருந்தது. இருவரும் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் ஓடிவந்து அந்த அக்காவை எடுத்துப்போனார்கள். மிச்சமிருந்த எலுமிச்சம்பழச் சாதத்தை நானும் தம்பியும் வேப்பமரத்தடியில் சாப்பிட்டு முடித்தோம். அம்மா வெளியே வந்தபோது, "அந்த அக்காவுக்குச் சரியாப் போச்சாம்மா?" என்று கேட்டேன். "சேத்துட்டோம்," என்றாள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த அக்கா அணைக்கு முன்பே அம்மாவின் மடியில் இறந்துவிட்டாள். வயிற்றில் இருந்த குழந்தையையும் காப்பாற்ற முடியவில்லை. இதை எனக்குச் சொல்ல அம்மா பல வருடம் காத்திருந்தாள். நான் அதுவரை உயிர் காத்தவளாகவே வளர்ந்தேன். மூன்றாம் வகுப்பில் டீச்சர் எல்லோரையும் கைதட்ட வைத்தார். அதை நான் வீட்டில் சொன்ன சாயங்காலம் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய்ச் சைரனைக் கழற்றினார். வண்டியில் நாங்கள் அப்புறம் எங்கேயும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் புருஷன் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். மலையிலிருந்து ஒரு பை நிறையப் புளி கொண்டுவந்திருந்தார். மொட்டை அடித்த தலையில் முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. எந்தக் கோயில் வேண்டுதலோ என்று நினைத்தேன். நாற்காலி போட்டும் தரையில்தான் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தலையைச் சரிசெய்துகொண்டு கதவோரம் வந்து நின்றேன்.

"ஒண்ணு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேங்க," என்றார். "அன்னிக்கு மலையில அந்த சைரன் போட்டது யாருங்க?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"நான்தாங்க," என்றார் அப்பா. "என் கைதான் பட்டுச்சி."

அவர் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கு பள்ளிக்கூடத்தாண்ட வண்டி வந்து நின்னுகினு இருந்திச்சாமுங்க," என்றார். பள்ளிக்கூடத்துப் பேச்சு இப்போது எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"தெரியுங்க," என்றார் அப்பா. கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, அவர் முன்னால் நின்றார். அப்பா யார் முன்னாலும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அவர் டீயைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டு எழுந்தார். புளிப் பையை எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா அவரோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போய்விட்டு வந்தார்.

என் பேரைச் சொல்ல வேண்டிய இடத்தில் தன் பேரைச் சொல்லிக்கொண்டுவிட்டார் என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது. மூன்று நாள் நான் அப்பாவோடு பேசவில்லை. என்ன கோபம் என்று அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.